ஜிம்முக்குத் தவறாமல் செல்பவருக்குப் புரதப்பொடி கட்டாயமா?

நெடுநடை எழுதியது:

எட்டு மாதங்களாக வாரத்தில் நான்கு நாள் எடைப்பயிற்சி செய்து வருகிறேன். வயது 34, உடல் எடை 70 கிலோ. முதல் ஆறு மாதங்களில் தூக்கும் எடை படிப்படியாக ஏறியது. கடைசி இரண்டு மாதங்களாகப் பெஞ்ச் பிரஸ் (பலகையில் படுத்து மார்புக்கு மேல் எடை தூக்குவது) 55 கிலோவிலேயே நின்றுவிட்டது. "பொடி எடுக்காமல் பயிற்சி செய்வது சிமெண்ட் இல்லாமல் செங்கல் அடுக்குவது போல" என்கிறார் பயிற்சியாளர். உடை மாற்றும் அறையில் பார்த்தால் ஏறக்குறைய எல்லோர் கையிலும் ஒரு ஷேக்கர் இருக்கிறது. பயிற்சி முடிந்த மறுநிமிடம் குலுக்கிக் குடித்துவிடுகிறார்கள். நான் மட்டும் தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்கும்போது, தேர்வு எழுத வந்தவன் பேனாவை மறந்துவிட்டதைப் போல இருக்கிறது.

என் உணவில் பாலும் தயிரும் பருப்பும் தினமும் உண்டு. முட்டையும் மீனும் வாரத்தில் சில நாள்கள் உண்டு. போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணமே இல்லாமல், உடல்நலத்திற்காகவும் ஓரளவு தசை கூடுவதற்காகவும் ஜிம்முக்குப் போகிற என்னைப் போன்றவருக்கு இந்தப் பொடி உண்மையிலேயே தேவையா, அல்லது எல்லோரும் குடிக்கிறார்கள் என்பதற்காகத்தான் எல்லோரும் குடிக்கிறார்களா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரும்புத்தட்டு எழுதியது:

11 ஆண்டுகளாக எடை தூக்குகிறேன், 9 ஆண்டுகளாக வே புரதம் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் பொடி) எடுக்கிறேன். ஆகவே என் பதில் ஒளிவுமறைவில்லாமல் "தேவை" என்பதுதான். முதல் இரண்டு ஆண்டுகள் உங்களைப் போலவே வீட்டுச் சாப்பாடே போதும் என்றிருந்தேன். உடம்பு இறுகியதே தவிர வளரவில்லை. பொடி தொடங்கிய ஆறு மாதத்தில் சட்டையின் தோள்தையல் பிடிக்க ஆரம்பித்தது.

கணக்கும் எளிதுதான். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு 140 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. முட்டையிலிருந்து மட்டுமே எடுப்பதென்றால் 23 முட்டை சாப்பிட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, பயிற்சி முடிந்த அரை மணி நேரத்திற்குள் புரதம் உள்ளே போகவில்லையென்றால் அன்றைய உழைப்பில் பாதி வீண். அந்த அரை மணி நேரத்தில் யார் அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருப்பது?

அளவுகோல் எழுதியது:

நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இதே கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "நேற்று எத்தனை கிராம் புரதம் சாப்பிட்டீர்கள்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு எண்ணாக விடை சொன்னவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் "நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்" என்ற பதில்தான் வரும். நன்றாகச் சாப்பிடுபவர்களில் பாதிப் பேருக்குப் புரதம் குறைவாக இருப்பதையும், பொடி குடிப்பவர்களில் பலருக்கு அது இல்லாமலேயே அளவு நிறைந்திருப்பதையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

எவ்வளவு வேண்டும் என்பதில் இரண்டு வேறுபட்ட எண்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று குறிப்பிடுகிறது. அது உடல் தேயாமல் இருப்பதற்குப் போதுமான பாதுகாப்பான அளவு; பளு தூக்கித் தசை வளர்க்க விரும்புபவரை மனத்தில் வைத்துப் போட்ட எண் அன்று. உடற்பயிற்சி செய்பவர்களுக்காகப் பன்னாட்டு விளையாட்டு ஊட்டவியல் சங்கம் 2017-இல் வெளியிட்ட நிலைப்பாடு 1.4 முதல் 2 கிராம் வரை என்று சொல்கிறது. ஆகவே "0.8 போதும், மற்றதெல்லாம் விளம்பரம்" என்று வாதாடுபவர்களும், எல்லோருக்கும் 2 கிராம் என்று ஒரே கோடாகப் போடுபவர்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் கவனமாகப் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. ராபர்ட் மார்ட்டனும் அவருடைய சகாக்களும், எடைப்பயிற்சியோடு கூடுதல் புரதம் கொடுத்துப் பார்த்த 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். கூடுதல் புரதம் பலன் தருகிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் அந்தப் பலனின் அளவைப் பாருங்கள். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் சராசரியாக 0.3 கிலோவும், ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் ஏறக்குறைய 2.5 கிலோவும்தான் பயிற்சியால் மட்டும் வந்ததற்கு மேல் கூடியிருந்தன. அதைவிட முக்கியமானது, மொத்தப் புரதம் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தொட்ட பிறகு, மேலும் சேர்த்ததால் தசை கூடவில்லை.

70 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது 112 கிராம். எனவே ஒரு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதை எல்லாம் எடைபோட்டு எழுதுங்கள். ஒரு பிழையை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்: நூறு கிராம் பருப்பில் 24 கிராம் புரதம் என்று படித்துவிட்டு, தட்டில் இருக்கும் நூறு கிராம் வெந்த பருப்புக்கு அந்த எண்ணைப் போட்டுவிடுவார்கள். வேகும்போது பருப்பு தண்ணீரைக் குடித்துப் பெருகிவிடுவதால், வெந்த பருப்பில் நூறு கிராமுக்கு 9 கிராம் அளவில்தான் இருக்கும். இந்த ஓர் இடத்திலேயே பலருடைய கணக்கு இரண்டரை மடங்கு வீங்கிவிடுகிறது.

இரும்புத்தட்டு எழுதியது:

மார்ட்டனின் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன். 1.6 என்பது நடுவில் விழுந்த மதிப்பீடு. அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 1.0 முதல் 2.2 வரை நீள்கிறது. எச்சரிக்கையாக இருக்க விரும்புபவர் 2.2 வரை போகலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் சொன்ன 2 கிராம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரை மணி நேரக் கணக்கைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லையே?

அளவுகோல் எழுதியது:

எல்லையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதை நான் விட்டிருக்கக் கூடாது. 1.6-இலிருந்து 2.2-க்குப் போவதால் கிடைப்பது உறுதியில்லாத சிறு பலன் என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரக் கணக்குக்கு வருவோம். பிராட் ஷோன்ஃபெல்ட், ஆலன் அரகான், ஜேம்ஸ் கிரீகர் மூவரும் 2013-இல் இதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். பயிற்சியை ஒட்டிப் புரதம் எடுத்தவர்கள் முன்னிலையில் இருப்பதுபோல் முதலில் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் அவர்கள் நாள் முழுவதும் எடுத்த மொத்தப் புரதமே மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டவுடன் நேரத்தின் பலன் மறைந்துவிட்டது. பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு ஒழுங்காகச் சாப்பிட்டவருடைய இரத்தத்தில், பயிற்சி முடியும்போதும் புரதம் செரித்துப் பிரிந்த அமினோ அமிலங்கள் இருந்துகொண்டேதான் இருக்கும். வெறும் வயிற்றோடு அதிகாலையில் பயிற்சி செய்பவர், முடிந்தவுடன் சாப்பிடுவது நல்லது. மற்றவர்கள் குளித்துவிட்டு, நிதானமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

"ஒரு வேளையில் 20 கிராமுக்கு மேல் உடம்பு ஏற்காது" என்ற பேச்சும் இதோடு சேர்ந்து சுற்றுகிறது. அதன் வேர் 2009-இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது: ஆறு இளைஞர்களுக்குக் கால் பயிற்சிக்குப் பிறகு முட்டைப் புரதத்தை வெவ்வேறு அளவுகளில் கொடுத்து, அடுத்த சில மணி நேரம் மட்டும் அளந்தபோது 20 கிராமிலேயே தசைப் புரத உற்பத்தி உச்சத்தை நெருங்கியது. ஆனால் 2023-இல் யோர்ன் டிரோமெலன் குழுவினர் 25 கிராமையும் 100 கிராமையும் ஒப்பிட்டு 12 மணி நேரம் தொடர்ந்து அளந்தபோது, பெரிய அளவு வீணாகவில்லை என்றும், அதன் விளைவு நெடுநேரம் நீடித்தது என்றும் கண்டார்கள். இரவு உணவில் ஒரே மூச்சில் 50 கிராம் சாப்பிட்டுவிட்டோமே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இலைதழை எழுதியது:

முட்டையும் மீனும் தொடாத என்னைப் போன்றவர்களின் பக்கத்தையும் பேசுங்கள். 62 கிலோ எடையுள்ள எனக்கு 1.6 என்ற கணக்கில் ஏறக்குறைய 100 கிராம் வேண்டும். பாலும் வேண்டாம் என்று விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெந்த பருப்பிலிருந்தும் கொண்டைக்கடலையிலிருந்தும் மட்டுமே அதை எடுக்க முயன்றபோது, நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டியிருந்தது. வயிற்றின் நிலையை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. புரதத்தோடு மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன என்பதுதான் தாவர உணவின் சிக்கல். "எல்லாம் உணவிலேயே இருக்கிறது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முட்டையோ கோழியோ சாப்பிடுபவர்களாக இருக்கிறார்கள்.

புரதத்தின் தரத்திலும் வேறுபாடு உண்டு. தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் நாளின் வெவ்வேறு வேளைகளில் சாப்பிட்டாலும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. சோயா இந்தக் குறை பெரிதாக இல்லாத ஒரு விதிவிலக்கு. உலர்ந்த சோயா உருண்டைகளில் எடையில் பாதி புரதம்தான். 2021-இல் பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது: முழுத் தாவர உணவுக்காரர்கள் 19 பேரையும், எல்லாம் சாப்பிடுபவர்கள் 19 பேரையும் 12 வாரம் கால் பயிற்சி செய்யவைத்து, இரு குழுவுக்கும் புரதத்தைக் கிலோவுக்கு 1.6 கிராமாகச் சமப்படுத்தினார்கள். தசை வளர்ச்சியிலும் பலத்திலும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 1.6-ஐ எட்டுவதற்கு இரண்டு குழுவுக்குமே பொடி கொடுத்திருந்தார்கள், ஒரு குழுவுக்குச் சோயா, மற்றதற்கு வே. பொடியே இல்லாமல் எட்டுவது எளிதில்லை என்பதை அந்த ஆய்வின் வடிவமைப்பே ஒப்புக்கொள்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். தினமும் ஒரு கரண்டி சோயாப்பொடி எடுக்கிறேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

பழைய ஏடு எழுதியது:

விவாதத்தை மடைமாற்றுவதாக நினைக்க வேண்டாம்; இந்த ஆசை எவ்வளவு பழையது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், தசை வேலை செய்யும்போது தன்னையே எரித்துக்கொள்கிறது, ஆகவே உழைப்பவனுக்கு எரிபொருள் புரதம்தான் என்று கற்பித்துவந்தார். சூரிக் நகரத்துப் பேராசிரியர்கள் அடோல்ஃப் ஃபிக், யோஹானஸ் விஸ்லிசேனுஸ் இருவரும் 1865-இல் இதைச் சோதிக்க ஃபௌல்ஹார்ன் என்ற சுவிட்சர்லாந்து மலையில் ஏறினார்கள். முந்தைய நாளிலிருந்தே புரதத்தை நிறுத்திவிட்டு, மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த பண்டத்தையும் சர்க்கரை கலந்த தேநீரையும் சாப்பிட்டபடி ஏறி, வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேகரித்து, புரதம் எரிந்தால் அதில் வெளியேறும் நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்துபோன புரதத்தின் அளவு, அவ்வளவு உயரத்துக்கு இரண்டு உடல்களைத் தூக்கிச் சென்ற வேலைக்கு எந்தக் கணக்கிலும் போதவில்லை. லீபிக்கின் கொள்கை அந்த மலைச்சரிவில் ஆட்டம் கண்டது. தசையை ஆக்கவும் பழுதுபார்க்கவும்தான் புரதம். பயிற்சிக்கான எரிபொருளை மாவுச்சத்தும் கொழுப்பும் தருகின்றன. இன்றைக்கும் "சக்தி வேண்டும்" என்று பயிற்சிக்கு முன்னால் புரதப்பொடியைக் குடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேராசிரியர்களின் நினைவு வரும்.

சல்லடை எழுதியது:

தேவையா இல்லையா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டப்பாவில் இருப்பது புரதம்தானா என்று யாரும் கேட்கவில்லை. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் என் கண் அங்கேதான் போகிறது.

புரதத்தை நேரடியாக அளப்பது கடினம். அதனால் பொதுவான முறையில் மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 என்ற எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதுதான் அந்தப் பெருக்கலுக்கு அடிப்படை. பாலுக்கு 6.38. இந்த முறையை 1883-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் யோஹான் கெல்டால் என்பவர் வகுத்தார். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது: நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. புரதமாகக் கோக்கப்படாத தனி அமினோ அமிலத்தைக் கலந்தாலும் அது புரதக் கணக்கில்தான் விழும். மலிவாகக் கிடைக்கும் கிளைசினை ஒரு கிராம் கலந்தால் கணக்கில் 1.17 கிராம் புரதம் ஏறும். பலம் கூட்ட ஜிம்மில் பலர் எடுக்கும் கிரியேட்டினை ஒரு கிராம் கலந்தால் 2 கிராம் ஏறும். உண்மையில் கிரியேட்டின் புரதமே அன்று. 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவுக்குப் போன பாலில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இதே ஓட்டையைத்தான். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நீர் கலந்த பால் சோதனையில் கெட்டிப் பாலாகத் தெரிந்தது, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

புரதப்பொடியில் நடப்பது அவ்வளவு கொடியதன்று, பணம்தான் போகும். ஆனால் கண்டுபிடிக்க வழி உண்டு. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்ததாக எழுத வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. முதலில் வே அடர்வு அல்லது வே ஐசோலேட் (மேலும் சுத்திகரித்த வே) என்று எழுதிவிட்டு, அதன் பின்னாலேயே கிளைசின், டாரின், கிரியேட்டின், குளூட்டமின் என்று வரிசை நீண்டால், முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட புரத அளவை நம்பாதீர்கள். அமினோ அமிலப் பட்டியல் கொடுத்திருந்தால் லூசினைப் பாருங்கள்: நல்ல வே புரதம் 25 கிராமில் லூசின் ஏறக்குறைய 2.5 கிராம் இருக்கும். கிளைசின் அரை கிராம் அளவில்தான் இருக்க வேண்டும். லூசின் ஒன்றரை கிராம், கிளைசின் நான்கு கிராம் என்றிருந்தால் அந்த டப்பாவை அலமாரியிலேயே திருப்பி வையுங்கள். பட்டியலே கொடுக்காமல் "தனிக் கலவை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் 2000, 2001 ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருள் மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றில் 94-இல், அதாவது நூற்றுக்குப் பதினைந்துக்கு அருகில், உறையில் குறிப்பிடாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. அவை எல்லாம் புரதப்பொடிகள் அல்ல; எல்லா வகைச் சத்துப்பொருள்களும் அந்தக் குவியலில் இருந்தன. அதன் பிறகுதான் வெளி ஆய்வகம் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து முத்திரை இடும் ஏற்பாடுகள் பரவின. முத்திரை இல்லாத பொருளைப் போட்டியாளர் எவரும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மழைக்காலம் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறது. புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என் மேசையில் இருக்கும் புரதப்பொடியைப் பார்க்கும்போதெல்லாம் "நீயும் என் வழிக்கு வந்துவிடாதே" என்கிறார். ஆரோக்கியமாக இருப்பவருக்கும் அந்த ஆபத்து உண்டா?

அளவுகோல் எழுதியது:

உங்கள் தந்தையின் அச்சம் அவருடைய நிலையில் முற்றிலும் நியாயமானது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்குப் புரதம் சுமையாகும். அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டவே கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கூடுதல் புரதம் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும் கூடுதல் புரதம் எடுத்த ஆரோக்கியமானவர்களிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைவதைக் காணவில்லை. சிறுநீரக நோய் பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் இருக்கக்கூடியது என்பதும், குடும்பத்தில் அந்த நோய் இருப்பதும் சேர்ந்தால், நீங்கள் பொடியைத் தொடர்வதற்கு முன் இரத்தத்தையும் சிறுநீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கிரியேட்டின் எடுப்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் அளக்கும் "கிரியேட்டினின்" என்ற கழிவுப்பொருளின் அளவை அது சற்று உயர்த்திக் காட்டி வீண் பீதியைக் கிளப்பும்.

மூலைக்கண்ணாடி எழுதியது:

நான் பயிற்சியாளன். என்னைப் போன்றவர்கள் சொல்லத் தயங்குகிற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பல கூடங்களில் பொடி விற்றால் பயிற்சியாளருக்குக் கமிஷன் உண்டு. நானும் மூன்று ஆண்டுகள் வாங்கியிருக்கிறேன். அந்த நாள்களில் யாருக்கு முன்னேற்றம் நின்றாலும் என் வாயில் முதலில் வந்தது பொடியின் பெயர்தான். அவர்களுடைய பயிற்சி ஏட்டைத் திறந்து பார்ப்பது அதற்குப் பிறகுதான். சிமெண்ட், செங்கல் உவமையைக்கூட நான் சொல்லியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நெடுநடை அவர்களே, உங்கள் 55 கிலோவைப் பற்றிப் பேசுவோம். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில மாதங்களில் பலம் கூடுவதற்கு முக்கியக் காரணம், நரம்புகள் தசையை ஒழுங்காக இயக்கக் கற்றுக்கொள்வது. அந்த எளிதான அறுவடை முடிந்த பிறகு எல்லோருக்கும் ஏற்றம் மெதுவாகும். இரண்டு மாதமாக நிற்பதற்கு நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்களை: ஒவ்வொரு முறையும் அதே எடையை அதே பத்து முறை தூக்கிக்கொண்டிருக்கிறீர்களா, வாரத்தில் மார்புக்கு மொத்தம் எத்தனை செட் செய்கிறீர்கள், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள். 5 கிலோவாகத் தாவ முடியாதபோது 2.5 கிலோவாக ஏற்றலாம். அதுவும் முடியாதபோது அதே எடையில் ஒரு முறை கூடுதலாகத் தூக்கலாம். அதையும் ஏட்டில் எழுதாதவருக்கு முன்னேற்றம் இருந்தாலும் கண்ணில் படாது. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வருபவருக்கு எந்தக் கரண்டிப் பொடியும் கைகொடுக்காது.

உடல் எடையைக் குறைத்துக்கொண்டே பயிற்சி செய்பவர்களிடம் மட்டும் நான் புரதத்தைக் கொஞ்சம் அழுத்திப் பேசுவேன். உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். 2016-இல் வந்த ஓர் ஆய்வில், தேவையைவிட 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே நான்கு வாரம் கடுமையாகப் பயிற்சி செய்த இளைஞர்களில், கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் 1.2 கிராம் எடுத்தவர்களைவிட அதிகக் கொழுப்பை இழந்தார்கள்; அதோடு, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டவும் செய்தார்கள். அந்தக் குறைவான கலோரிக்குள் அவ்வளவு புரதத்தை அடைக்க வேண்டுமானால் பொடி உண்மையிலேயே உதவும். அறுபதைத் தாண்டியவர்களும் இந்த வரிசையில்தான் வருவார்கள். வயதாக ஆகத் தசை புரதத்துக்கு மந்தமாகவே பதிலளிக்கிறது, பசியும் குறைந்துவிடுகிறது. மெல்லச் சிரமப்படுபவர்களுக்குக் குடிக்கக்கூடிய புரதம் வசதிதான்.

பி.சி.ஏ.ஏ. (கிளைத்தொடர் அமினோ அமிலங்கள்) என்று விற்கும் டப்பாவை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். போதுமான முழுப் புரதம் சாப்பிடுபவருக்கு அதில் இருக்கும் மூன்று அமினோ அமிலங்களும் ஏற்கெனவே கிடைத்துவிடுகின்றன.

நெடுநடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள்கள் கழித்து வருகிறேன். அதில் ஏழு நாள்கள் சமையலறைத் தராசோடு கழிந்தன. தட்டை வைத்து, பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக எடைபோட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

கணக்கு இதுதான். ஏழு நாள் சராசரி 71 கிராம், அதாவது கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றே மேல். மீன் இருவேளையும் கிடைத்த நாளில் 96, மிகக் குறைந்த நாளில் 58. நான் 90-க்குக் குறையாது என்று மனத்தில் வைத்திருந்தேன். அளவுகோல் சொன்ன வெந்த பருப்புப் பிழையைத்தான் நானும் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வியப்பாக இருந்தது காலை உணவு: வயிறு நிறையச் சாப்பிட்டும் ஒரு நாள்கூட 9 கிராமைத் தாண்டவில்லை.

ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு அடைப்பது எளிதாக இருந்தது. காலையில் மூன்று முட்டை சேர்த்தால் 18 கிராம் கூடி 89 ஆகிறது. மாலையில் 200 கிராம் தயிர் சேர்த்தால் 96. இரவில் உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமை வேகவைத்துச் சேர்த்தால் 111. அந்த ஒரு கிராமுக்காக நான் டப்பா வாங்கப் போவதில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து நேராக ஜிம்முக்குப் போய் இரவு பத்துக்குத்தான் வீடு திரும்புகிறேன். அந்த நாள்களில் சமைக்கும் நிலையில் நான் இருப்பதில்லை. அதற்கென்று மட்டும் சிறிய பொதி ஒன்றை, பின்பக்கத்தைப் படித்துவிட்டு, வாங்கலாம் என்றிருக்கிறேன்.

மூலைக்கண்ணாடி கேட்டவற்றுக்கும் பதில்: ஆம், இரண்டு மாதமாக அதே எடை, அதே பத்து முறை. தூக்கம் ஐந்தரை மணி நேரம்.

இரும்புத்தட்டு எழுதியது:

தராசு என்றவுடன் எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. என் டப்பாவில் ஒரு கரண்டி 33 கிராம், அதில் 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. 9 ஆண்டுகளாக நான் எடுக்கும் கரண்டியைத் தராசில் வைத்தேன். குவித்து எடுப்பதால் 41 கிராம் இருந்தது. அப்படியென்றால் ஒரு கரண்டிக்கு ஏறக்குறைய 30 கிராம் புரதம், நாளுக்கு இரண்டு கரண்டியில் 60. சாப்பாட்டிலிருந்து எனக்கு வருவதையும் இந்த வாரம் எழுதிப் பார்த்தேன்: 130. மொத்தம் 190. என் எடை 82 கிலோ. கிலோவுக்கு 2.3 கிராம், நானே வாதாடிய எல்லையையும் தாண்டியிருக்கிறேன். சாப்பாட்டில் மட்டுமே 1.6 வந்துவிடக் கண்டு சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகளில் என் சாப்பாடு இப்படி இருக்கவில்லை. அப்போது ஒரு வேளை பட்டினி கிடந்து வேலைக்குப் போனவன். ஆகவே பொடி அன்றைக்கு எனக்கு உதவியது என்பதில் இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. நேற்றிலிருந்து காலைக் கரண்டியை நிறுத்திவிட்டேன். மாலைக் கரண்டியைக் கத்தி முதுகால் வழித்துச் சமப்படுத்தி எடுக்கிறேன். அடுத்த மாதம் இதே தேதியில் என் எடைகளை இங்கே எழுதுகிறேன். குறைந்திருந்தால் அளவுகோல்தான் பொறுப்பு.